மௌனப் பிரிவின் தலைவர்

பின்னணி இசைப் பேரவையின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: ‘உள்ளே சத்தம் போடக் கூடாது.’ இசைக்காரர்களின் சங்கத்தில் எதற்கு இப்படி ஒரு பலகை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பதென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் சத்தம் போடக் கூடாது.

நம்முடைய டொய்ங் சார் இந்தப் பேரவையில் பத்தொன்பது வருட உறுப்பினர். பெற்றோர் வைத்த பெயர் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சொல்லிக் கூப்பிடுவாரில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் சடாரென்று திரும்பும்போது ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது அவர் போட்டது. மாமியார் திரும்பினால் ஒரு டொய்ங், மருமகள் திரும்பினால் ஒரு டொய்ங், எங்கும் திரும்பாமல் தேமே என்று நிற்கிற மாமனாருக்கும் பாவம் பார்த்து ஒரு டொய்ங். ஒரு நாளைக்கு முப்பது டொய்ங் என்று கணக்குப் பார்த்தால் மனிதர் இந்த நாட்டு மக்களை எத்தனை தடவை தூக்கிவாரிப் போட வைத்திருக்கிறார் என்று தெரியும்.

அவர் சினிமாவுக்கு இசையமைக்கத்தான் வந்தார். ஒரு படமும் செய்தார். தயாரிப்பாளரும் இயக்குநரும் சட்டையைப் பிடித்துக்கொண்டதில் படம் பெட்டிக்குள் போனது, போனது போனதுதான். வயிறு சும்மா இருக்குமா? சீரியலுக்கு வந்தார். மதியம் ஒரு மணிக்கு அன்றைய பகுதியின் படம் வரும், ஐந்து மணிக்குள் இசை போக வேண்டும், ஏழு மணிக்கு ஊர் பார்க்கும். வீட்டிலேயே பத்துக்குப் பத்து அறையில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஒரு கணினியும் கீபோர்டும் வைத்துக்கொண்டு இந்தப் பிழைப்பு நடந்தது.

கூட ஒரு பெண் கீபோர்டு வாசித்தாள். பதினோரு வருடம். அவரை அண்ணே என்று கூப்பிடுவாள், உரிமையாகச் சமையலறைக்குள் போய்க் காபி போட்டுக் குடிப்பாள். டொய்ங் தவிர அவர் பெயரில் வந்த நல்ல மெட்டுகளில் பாதி அவள் விரலில் பிறந்தவை. இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒரு புதன்கிழமை அவள் விடுப்பு. அன்றைக்கு வந்த காட்சியில் ஓர் அம்மா, சிறையிலிருந்து மகன் எழுதிய கடிதத்தைப் படிக்கிறாள். நாற்பத்தாறு விநாடி. டொய்ங் சார் மூன்று வயலினும் ஒரு புல்லாங்குழலும் போட்டு, போதாதென்று கூட்டமாக ஒரு ‘ஆ… ஆ…’வையும் சேர்த்து, ஊரே அழ வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவருடைய மனைவி போனில் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அந்தச் சனியனை ரெண்டு நிமிஷம் நிறுத்துங்களேன். அக்கா பேசறது ஒண்ணும் காதுல விழல.”

அவர் மியூட் பொத்தானை அழுத்தினார். அக்கா தங்கை கணக்கில் இரண்டு நிமிடம் என்பது நம் கணக்கில் முக்கால் மணி. அதற்குள் ஸ்டூடியோவிலிருந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அரக்கப் பரக்க எல்லாவற்றையும் அனுப்பி வைத்தார். அந்தக் காட்சியின் மியூட்டை எடுத்தாரா? எடுக்கவில்லை. எடிட்டராவது கேட்டாரா என்றால், அவர் டொய்ங் சாரின் இசையைக் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டிவிடுவார். நீளம் சரியாகத்தான் இருந்தது.

ஏழு மணிக்கு, பிறந்ததிலிருந்து மூன்று விநாடிகூட வாய் மூடாத அந்தத் தொடர் நாற்பத்தாறு விநாடி வாய் மூடியது. கடிதத் தாள் சரசரக்கிற ஒலி மட்டும் கேட்டது. பல வீடுகளில் எழுந்து போய் டிவி மண்டையில் தட்டினார்கள். சிலர் கேபிள்காரரைப் பிடித்துத் திட்டினார்கள். தட்டவும் திட்டவும் சோம்பல்பட்ட மிச்சப் பேர், வேறு வழியில்லாமல் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏழேகாலுக்குக் கீபோர்டுக்காரி போன் பண்ணினாள்.

“அண்ணே, மியூட்டை எடுக்க மறந்துட்டீங்களா?”

“ஆமாம்மா. மானம் போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத.”

“நான் ஏண்ணே சொல்லப் போறேன்?”

அவள் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு விமர்சகர் அரைப் பக்கம் எழுதினார். ‘இசையின் உச்சம் இசையின்மையே என்பதை ஒரு மகாகலைஞர் நிறுவிவிட்டார்’ என்று ஆரம்பித்தது கட்டுரை. மகாகலைஞர் அதை மூன்று தடவை படித்தார். முதல் தடவை பயமாக இருந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை, சொல்லவே கூசுகிறது, கொஞ்சம் நன்றாக இருந்தது.

பேரவை அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த பின்னணி இசைக்கான விருதை அறிவித்தது. டொய்ங் சார் பதறிப்போய்த் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் கடைசியாக இசையமைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு தலைவராக மட்டும் இருக்கிறார். பக்கத்தில் செயலாளர், கையில் குறிப்பேடு.

“ஐயா, அது வந்து… நான் போட்டது இல்லீங்க.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். “கேட்டீங்களா செயலாளரே? ‘நான் போட்டது இல்லை.’ கலைஞன்னா இப்படிப் பேசணும். குறிச்சுக்கோங்க.”

“அதில்லீங்க ஐயா. மறதி…”

“தன்னை மறந்த நிலை! எழுதுங்க, எழுதுங்க.”

“வீட்டுல சத்தமா இருந்துச்சுன்னு…”

“இல்லறத்தின் இரைச்சல்ல இருந்து பிறந்த அமைதி.” தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. “இதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க. தாங்க மாட்டேன்.”

வெளியே வந்ததும் செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். எத்தனை கருவிகள், என்ன சுருதி, என்ன தாளம் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தது. டொய்ங் சார் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினார்.

“இல்லைன்னு போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார்.”

“இல்லாததுக்கு என்னத்தைப் போடறது?”

“உங்க குரல் என்ன கட்டை?”

“நாலரை.”

“அதையே போட்டுடலாம். உங்க மௌனம்தானே.”

ஆக, அந்த மௌனம் நாலரைக் கட்டையில், நடுத்தர வேகத்தில், பேரவையில் ஒன்றாம் எண்ணாகப் பதிவானது.

விருது விழாவில் தலைவர் முக்கால் மணி நேரம் மௌனத்தைப் பற்றிப் பேசினார். “நண்பர்களே, நான் இருபத்தாறு வருஷமா எதுவும் இசையமைக்கலை. சிலர் சரக்கு தீர்ந்துபோச்சுன்னு சொன்னாங்க. சிலர் சோம்பேறின்னு சொன்னாங்க. என் சம்சாரமே சொன்னா. இன்னிக்கு உண்மை விளங்கிடுச்சு. இந்தத் துறைக்கு நான்தான் முன்னோடி!” கைதட்டல் அடங்கியதும் அந்த நாற்பத்தாறு விநாடியைப் பெரிய ஒலிபெருக்கிகளில் போட்டார்கள். பதினெட்டாவது விநாடியில் யாரோ ஒருவர் இருமினார். தொண்டர்கள் அவரைத் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்கள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி, பித்தளைத் தகட்டோடு திரும்பி வந்தவரிடம் மெல்லச் சொன்னாள்: “அதுல பாதி எங்க அக்காவுக்குச் சேரணும்.”

அவருக்கு முகம் சுண்டிப்போனது. தகட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஆணி அடிக்க மனம் வராமல், துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தார். ஆனால் யாராவது பார்க்க வந்தால் போர்வையைத் தூக்கி எடுத்துக் காட்டத்தான் செய்தார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பேரவையில் மௌனப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி அவரைத் தலைவராக்கினார்கள். ஓர் அறை கொடுத்தார்கள். மற்ற இசையமைப்பாளர்கள் தங்கள் மௌனங்களைப் பதிவு செய்யக் கொண்டுவந்தார்கள். அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டுத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு மௌனத்தில் மின்விசிறிச் சத்தம் இருந்ததால் நிராகரித்தார். நிராகரிக்கப்பட்டவர் மறுபரிசீலனைக்கு மனுப் போட்டார். டொய்ங் சார் அதையும் பொறுமையாகக் கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் கீபோர்டுக்காரிக்குச் சொந்தமாக ஒரு தொடர் கிடைத்தது. “போய் வரேண்ணே” என்று வந்து நின்றாள். “நல்லா பண்ணும்மா” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவள் போன மறுவாரம், பத்தொன்பது வருடமாகத் தட்டாத சினிமா அவர் கதவைத் தட்டியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இயக்குநர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“சார், என் படத்துக்கு நீங்கதான் மியூசிக். ரெண்டேகால் மணி நேரம். ஒண்ணுமே போடக் கூடாது.”

பெட்டிக்குள் போன படத்தோடு உள்ளே போகாமல் தப்பித்த ஒரு மெட்டு டொய்ங் சாரிடம் இருந்தது. குளிக்கும்போது மட்டும் முணுமுணுப்பார். “தம்பி, ஒரே ஒரு மெட்டு இருக்கு. டைட்டிலுக்கு மட்டும்…”

“சார்!” இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்ககிட்ட போய் மெட்டு வாங்கினா ஊர் சிரிக்கும் சார்.”

பேரவை விதிப்படி பெரிய படத்துக்கு நாற்பது வாத்தியக்காரர்கள் இல்லாமல் ஒலிப்பதிவு செய்யக் கூடாது. ஆகவே நாற்பது பேர் வந்தார்கள். வயலின்காரர்கள் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டொய்ங் சார் கையை உயர்த்தினார். ஒருவரும் ஒன்றும் வாசிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. “ஒன் மோர்!” என்றார் ஒலிப்பதிவாளர். புல்லாங்குழல்காரர் சந்தேகத்தோடு கையைத் தூக்கினார்.

“அண்ணே, மூச்சு விடலாமா?”

“மெதுவா விடுங்க.”

ஏழு டேக் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ஐந்தாவது டேக்கில் டிரம்ஸ்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அதுதான் மிக நன்றாக வந்திருக்கிறது, ஒரு உண்மை தெரிகிறது என்று இயக்குநர் சொன்னார். சுவரொட்டியில் கதாநாயகனுக்கு அடுத்த அளவில் டொய்ங் சாரின் பெயர் வந்தது, பெற்றோர் வைத்த பெயர். அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அதைப் பார்த்தார். நெஞ்சு விம்மியது. இதற்குப் போய் விம்முகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடேயே இன்னும் இரண்டு சுவரொட்டிகளைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

படம் வெளியாகப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மாலை, கீபோர்டுக்காரியின் தொடரைப் பார்த்தார். ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கணவன் இனி வரமாட்டான் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதுவரை மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்த இசை அந்தச் சொல்லோடு நின்றது. அவள் மறுபடியும் துணி மடிக்கிறாள். ஒரு சட்டை. அவனுடைய சட்டை. கையை மடித்து, காலரை நீவி, அடுக்கில் வைக்கிறாள். இசை வரவில்லை. டொய்ங் சாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது மியூட்டை மறந்ததல்ல. கீபோர்டுக்காரி பன்னிரண்டு மெட்டாவது போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன்னை எதற்காக எல்லோரும் புகழ்ந்தார்களோ அது இதுதான் என்று அவருக்கு விளங்கியது. போனை எடுத்தார். அவள் எண்ணைப் பாதி அழுத்தினார். வைத்துவிட்டார்.

அவர் பேசாத விஷயத்தில் செயலாளர் பேசினார். மறுநாளே புகார் பதிவாகிவிட்டது. பேரவையில் ஒன்றாம் எண்ணாகப் பதிவான மௌனத்தை ஓர் உறுப்பினர் திருடிவிட்டார்.

“அது முப்பத்தெட்டு விநாடிதானேய்யா,” என்றார் டொய்ங் சார், “என்னோடது நாற்பத்தாறு.”

“அதான் சார் சாமர்த்தியம். எட்டு விநாடியை வெட்டிட்டா கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சிருக்காங்க.”

திருட்டு நிரூபணமானால் உறுப்பினர் அட்டை போய்விடும். அட்டை இல்லாதவரை எந்த ஸ்டூடியோவும் வாசற்படி ஏற்றாது. அவளிடம் வேறு தொழில் கிடையாது.

விசாரணைக்கு முதல் நாள் அவள் போன் பண்ணினாள். அழவில்லை. “அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும்.”

“என்னம்மா சொல்லணும்?”

“நடந்ததைச் சொல்லுங்க. அது தப்பா வந்தது, இது யோசிச்சு வச்சதுன்னு. நான் சொன்னா, பொறாமையில சொல்றேம்பாங்க. அதோட உங்களுக்கு வாக்கு வேற குடுத்திருக்கேன்.”

“சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்.”

அடுத்து இயக்குநர் கூப்பிட்டார். “சார், வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஏதோ விசாரணையாமே? அதுவும் நமக்கு விளம்பரம்தான். அங்க போய் அடக்கம் கிடக்கம்னு ஏதாவது உளறி வச்சுடாதீங்க. உங்க மௌனத்தை நம்பித்தான் படமே நிக்குது.”

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மனைவி சொன்னாள்: “போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. அந்தப் பொண்ணு இந்த வீட்டுல காபி போட்டுக் குடிச்சவ.”

“அதைச் சொல்லத்தானே போறேன்,” என்றார். உண்மையில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார்.

விசாரணை அறையில் நீண்ட மேசை. தலைவர் நடுவில், செயலாளர் வலப்புறம், ஓரத்தில் ஓர் எழுத்தர். அவளை ஒரு தனி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் உறுப்பினர் அட்டை. முதலில் ஒன்றாம் எண் மௌனத்தைப் போட்டுக் கேட்டார்கள். பிறகு அவளுடையதைப் போட்டுக் கேட்டார்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டார்கள்.

“ஒரு வித்தியாசமும் தெரியலை,” என்றார் செயலாளர்.

“அப்பட்டமா இருக்கு,” என்றார் தலைவர். “உறுப்பினர் ஏதாவது சொல்ல விரும்பறாங்களா?”

“அண்ணனைக் கேளுங்க,” என்றாள் அவள். “அவர் சொல்றது எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.”

தலைவர் டொய்ங் சார் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க. இவங்க பயன்படுத்தினது உங்க மௌனம்தானா?”

அவர் எழுந்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்திருந்தது. ‘என் மௌனம் மறதி, இவளுடையது இசை.’ இவ்வளவுதான். எதிர்ச்சுவரில் அவருடைய படத்தின் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள், பேரவைக்குப் பெருமையாம். அதில் தன் பெயரைப் பார்த்தார். இதைச் சொன்னால் அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்தார். டொய்ங் இருக்கும். அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்திராவிட்டால் சொல்லியிருப்பாரோ என்னவோ. வாயைத் திறந்தார். காற்று வந்தது. மூடினார். மறுபடி திறந்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்று எங்கேயோ ஓர் ஓரத்தில் மனது கணக்குப் போட்டதை அவரே கேட்டார். அதைவிடக் கேவலமான சத்தத்தை அவர் பத்தொன்பது வருடத்தில் போட்டதில்லை.

ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்படி ஒரு சாட்சியத்தை இந்தப் பேரவை கண்டதில்லை,” என்றார். “மௌனம் சம்மதம். எழுதிக்கோங்க.”

எழுத்தர் எழுதிக்கொண்டார். அவள் எழுந்து வந்து அட்டையை மேசைமேல் வைத்தாள். யாரும் கேட்பதற்கு முன்பாகவே வைத்தாள்.

மாடிப்படி அருகில் அவளை ஓடிப் பிடித்தார். “அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“இங்க யார்கிட்டண்ணே சொல்லப் போறீங்க?” என்றாள். கோபம்கூட இல்லை. “அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எழுத்தர் கையில் தாளோடு பின்னாலேயே வந்தார். “சார், உங்க சாட்சியம். ஒரு கையெழுத்து.”

வாங்கிப் பார்த்தார். ‘கேட்கப்பட்ட கேள்விக்குச் சாட்சி எவ்விதத் தயக்கமும் இன்றி விளக்கமாகப் பதிலளித்தார்’ என்று இருந்தது.

“நான் ஒண்ணுமே சொல்லலியேய்யா.”

“எங்களுக்குப் புரிஞ்சுதே சார்.”

“இது பொய்யில்லையா?”

எழுத்தர் கொஞ்சம் குழம்பினார். பிறகு உதவுகிற குணத்தோடு சொன்னார்: “தப்புன்னா சொல்லுங்க சார், இப்பவே அடிச்சுட்டு மாத்தி எழுதிடறேன். உள்ளதான் உக்காந்திருக்காங்க எல்லாரும். அந்த அம்மாவும் கீழ பஸ்ஸுக்குத்தான் நிக்கறாங்க, கூப்பிட்டுடலாம். என்ன எழுதணும், சொல்லுங்க.”

பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு எழுத்தர் காத்திருந்தார். நல்ல மனிதர். அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் வழியே அவள் சாலையோரம் நிற்பது தெரிந்தது. பஸ் இன்னும் வரவில்லை.

டொய்ங் சார் கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கினார். பெற்றோர் வைத்த பெயரை முழுசாக, அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.